சவப்பெட்டிக்குக் கடன் வாங்கிய ஜென்னி... லண்டனில் மார்க்ஸ் வாழ்ந்த வீடு!

லண்டனில் வேலை, படிப்பு என்று தங்கியிருக்கிறீர்களா? ஒரு விடுமுறை நாளில் சோஹோ பகுதியின் டீன் தெருவுக்குப் போய் வாருங்கள். 28-ம் எண் கட்டடத்தில் இன்று ரெஸ்டாரன்ட் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால், 1851 முதல் 1856 வரை காரல் மார்க்ஸ் இங்கே வாழ்ந்தார் என்று சொல்லும் வட்டமான நீலப் பலகை தெரியும்.

நாடு நாடாக வெளியேற்றப்பட்டு, 1849-ல் லண்டன் வந்தவர் மார்க்ஸ். மொத்தக் குடும்பத்துக்கும் இங்கே இரண்டே அறைகள். 1852-ல் ஒரு வயதுக் குழந்தை ஃபிரான்சிஸ்கா இறந்தபோது சவப்பெட்டி வாங்கக் காசில்லை. மனைவி ஜென்னி, பிரெஞ்சு அகதி ஒருவரிடம் 2 பவுண்ட் வாங்கி வந்தார். 1855-ல் எட்டு வயது மகன் எட்கரும் இறந்துபோனான்.

இங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நடந்தே போகலாம். 'மூலதனம்' எழுதுவதற்காக மார்க்ஸ் ஆண்டுக்கணக்கில் படித்தது அங்கேதான்.

கடைசியாக ஹைகேட் கல்லறைத் தோட்டம். நுழைவுக் கட்டணம் உண்டு. 1883-ல் மார்க்ஸை அடக்கம் செய்தபோது வந்தவர்கள் வெகு சிலரே. 1956-ல் வைத்த பிரமாண்ட வெண்கலத் தலையோடுதான் இன்று எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். அதன் கீழே பதித்திருக்கும் பழைய பளிங்குப் பலகையையும் கொஞ்சம் பாருங்கள். அதில் முதலில் இருப்பது ஜென்னியின் பெயர்!