கட்டண ரசீதில் வராத செலவு

தருமபுரி மாவட்டத்தின் அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியுள்ள தீர்த்தமலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்குக் கல்லூரிச் செலவு எவ்வளவு என்பது, தினமும் வீடு திரும்ப முடியுமா என்பதைப் பொறுத்தது. அரூர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் முடியும். அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணமும் இல்லை. நர்சிங், பொறியியல் என்றால் தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி என்று வெளியூரில் தங்க நேரும். விடுதி முன்பணம், மாத மெஸ் தொகை, சீருடை, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், இப்போது ஒரு லேப்டாப் என்று செலவு வந்துகொண்டே இருக்கும். இவற்றில் பாதி எந்தக் கட்டண ரசீதிலும் வராது. மரவள்ளிக்கு விலை கிடைத்த ஆண்டில் சமாளிக்கும் குடும்பம், விலை விழுந்த ஆண்டில் வட்டிக்கு வாங்கும்.

அரசு உதவி குறைவு என்று சொல்லிவிட முடியாது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். ஆனால் வருமானச் சான்றிதழில் சில ஆயிரம் கூடிப் போனவர் வரிசைக்கு வெளியே நிற்கிறார். உள்ளே நிற்பவருக்கும் ஒரு தொல்லை: கல்லூரி பணம் கேட்பது சேர்க்கை நாளில், உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறுவது பல மாதம் கழித்து. தனியார் உதவிக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

கல்விக்குத் தனியார் பணம் வருவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்புத் தரகராக இருந்து பெரும் செல்வம் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தபோது, தம் சொத்தைக் கோயில்களுக்கும் அறங்களுக்கும் உயில் எழுதி வைத்திருந்தார். அந்தச் சொத்து நெடுங்காலம் வழக்கில் சிக்கிக் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்டு மீட்ட பிறகு, அறங்களுக்குப் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842இல் சென்னையில் பள்ளி பிறந்தது. பின்னர் அதுவே பச்சையப்பன் கல்லூரியாக வளர்ந்தது. கொடுத்தவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஒரு மாணவனுக்குப் பலன் கிடைத்திருக்கிறது. நன்கொடையில் கொடுப்பவரைவிட, அதை வைத்துக் காப்பவர் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை.

இன்றும் கல்லூரிகளில் பரவலாக இருப்பது அறக்கட்டளைப் பரிசு. ஓய்வு பெற்ற பேராசிரியரோ, மறைந்தவரின் குடும்பமோ ஒரு தொகையை வைப்பில் போடுவார்கள். முதலைத் தொடாமல் வட்டியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவருக்குப் போகும். 5 லட்சம் ரூபாய்க்கு 7 விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 35,000 ரூபாய். ஒருவரின் மெஸ் செலவில் பெரும்பகுதிக்கு ஆகும். விலைவாசி ஏற ஏற அதே வட்டியின் மதிப்பு தேயும். பல கல்லூரிகளில் இந்தப் பரிசு துறையில் முதல் மதிப்பெண் எடுத்தவருக்கே போகிறது. பெருமையான விஷயம்தான், ஆனால் வெள்ளிக்கிழமை இரவு ஊருக்குப் போகப் பேருந்துக் காசில்லாத மாணவருக்கு அதில் பங்கில்லை.

தேவையைப் பார்த்துக் கொடுக்க வேண்டுமானால் வீட்டைப் பார்க்க வேண்டும். நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை இந்த வழியில் போகிறது. 2010இல் ஆரம்பித்த அதன் விதைத் திட்டத்தில், விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் நேரில் போய் நிலைமையை அறிந்த பிறகே தேர்வு நடக்கிறது. காகிதத்தில் ஒரே வருமானம் காட்டும் இரு வீடுகளில், ஒன்றில் தந்தை படுத்த படுக்கையாக இருக்கலாம். சான்றிதழில் அது தெரியாது.

பெரிய பணம் நிறுவனங்களிடம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடங்கும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஓசூரைச் சுற்றி ஆலைகள் நிறைய. அரூர்ப் பக்கம் மரவள்ளிக் காடுகள்தான் நிறைய. இப்படிப்பட்ட பணம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பது கடினமில்லை.

தனிமனிதர் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சட்டம் சலுகை தருகிறது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்குச் சலுகையே கிடையாது. மாணவரின் கையில் நேராகக் கொடுத்த பணத்துக்கும் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு ரசீது கேட்காமல் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

கொடுப்பதைவிடச் சிக்கலானது, அடுத்த ஆண்டும் தொடர்வது. பல உதவித்தொகைகள் அரியர் வைத்தால் நின்றுவிடும். தமிழ் வழியில் படித்து வந்தவர் ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் முதல் செமஸ்டரில்தான் அரியர் அதிகம் விழும். பணம் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

இந்த விதியில் விழுந்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கிலத்தில் தோற்றதால் உதவித்தொகை போயிற்று. பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம் அவர் குடும்பத்துக்குத் தாங்காத தொகை. பிறகு சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதம் தவிர மற்றவற்றில் தேறவில்லை. அந்த நிலையில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்தில் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். சும்மா இருந்து வாங்க ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912இல் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. அவர் எந்தத் தேர்வும் எழுத வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த ஆய்வைப் பற்றி அறிக்கை கொடுத்தால் போதும்.