பேச்சு வராத பிள்ளையோடு பேசுவது எப்படி?



அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கும் என்பது அதன் பொருள். அப்படியானால் கேட்பதற்கு வாய் வராத பிள்ளையின் நிலை என்ன? ஐந்து வயதாகியும், எட்டு வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகளும், பேசினாலும் பிறருக்கு விளங்காத பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு வீட்டிலும் பள்ளியிலும் எவ்வாறு பேசுவது என்பதைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

கெப்பாலா பத்தாஸ், தாசேக் குளுகோர் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் இப்போது செம்பனை நிற்கிறது. லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்களும் பல. ஆயினும் பொழுது விடியுமுன் தாயும் தந்தையும் வேலைக்குப் போவதும், பிள்ளை பாட்டியிடமோ அக்காளிடமோ அண்டை வீட்டாரிடமோ இருப்பதும் பாட்டாளிக் குடும்பங்களில் இன்னும் உள்ள வழக்கந்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பெற்ற தாய் பலவற்றைப் புரிந்துகொள்வாள். அவள் வேலைக்காட்டில் இருக்கும் எட்டு மணி நேரத்தில், வயிறு வலிக்கிறது என்பதைப் பிள்ளை யாரிடம் எப்படிச் சொல்லும்? ஒருவர் தன்னை அடித்தார் என்பதை எப்படிச் சொல்லும்? பிள்ளையின் நலமும் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

பேச்சு வராமைக்குக் காரணங்கள் பல. பிறக்கும்போதோ அதற்கு முன்போ பின்போ மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் வாய், நாக்கு, தொண்டைத் தசைகள் கட்டுக்குள் வராமல் போகலாம். இதனை மூளை முடக்குவாதம் என்பார்கள். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்ற காரணங்களும் உண்டு. காது கேளாமையும் ஒரு காரணம். ஆகவே முதல் வேலையாகப் பிள்ளையின் காதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். எந்தக் காரணமாயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது. பேச முடியாதது வேறு, புரியாதது வேறு. வாய் திறக்காத பிள்ளை நாம் பேசுவதில் பெரும்பகுதியைப் புரிந்துகொண்டிருக்கக்கூடும். அதன் எதிரிலேயே "இதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று பேசுவதை இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

வாய்ப்பேச்சுக்குத் துணையாகவும், அது இல்லாத இடத்தில் அதற்கு மாற்றாகவும் பயன்படும் வழிகளைத் துணைத் தொடர்பு முறைகள் என்கிறோம். கையசைவு, கண்ணசைவு, படப்பலகை, எழுத்துப் பலகை, தொட்டால் குரல் கொடுக்கும் கருவி ஆகிய எல்லாமே இவற்றுள் அடங்கும்.

பிள்ளைக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் அது ஒரு வழியைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு நம் பினாங்கிலேயே சான்று இருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்கென 1954ஆம் ஆண்டு பினாங்கில் கூட்டரசுப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் வகுப்பறையில் வாய்ப்பேச்சுக்கும் உதட்டசைவைப் படிப்பதற்குமே முதலிடம். கையால் பேசுவது கல்வியாகக் கருதப்படவில்லை. ஆனால் வகுப்பறைக்கு வெளியே பிள்ளைகள் ஒருவரோடொருவர் கையால் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பிள்ளைகளிடையே வளர்ந்ததுதான் பினாங்கு சைகை மொழி. 1970களின் பிற்பகுதியில் பள்ளிகளிலும் சைகைக்கு இடம் கிடைத்தது. 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் மலேசிய சைகை மொழியை அங்கீகரித்தது. கையால் பேசுவதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

தமிழில் இம்முறைகள் எவ்வாறு வளர்ந்தன என்பதை அறியச் சென்னைக்குப் போக வேண்டும். அங்கே 1985ஆம் ஆண்டு பூனம் நடராஜன் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் என்னும் பெயரில் இயங்குகிறது. மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளுக்குப் படப்பலகை கொண்டு பேசவும் படிக்கவும் அங்கே கற்பித்து வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து பணியாற்றிய பொறியியலாளர் அஜித் நாராயணன், படத்தைத் தொட்டால் குரல் எழுப்பும் 'ஆவாஸ்' என்னும் கருவியை உருவாக்கினார். அது பின்னர் கையடக்கக் கணினியில் இயங்கும் செயலியாக வந்தது. இன்று அது தமிழிலும் பேசுகிறது.

கருவி வாங்க வசதியில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. ஒரு தடித்த அட்டையும், சில படங்களும், பசையும், மேலே ஒட்டுவதற்குத் தெளிந்த பிளாஸ்டிக்கும் இருந்தால் போதும். மைலோப் பெட்டியின் அட்டையே உதவும். பழைய நாட்காட்டியிலிருந்தும் கடை விளம்பரத் தாள்களிலிருந்தும் படங்களை வெட்டலாம். படம் கிடைக்காத சொல்லுக்கு நாமே கோட்டுப்படம் வரையலாம். அட்டைப் பலகைக்கு மின்சாரம் தேவையில்லை. கீழே விழுந்தாலும் உடையாது.

பலகையில் என்ன சொற்களை வைப்பது? நம்மில் பலர் சோறு, பால், ரொட்டி, தண்ணீர் என்று உணவுப் பொருள்களை மட்டும் வைத்து விடுகிறோம். அந்தப் பலகையால் பிள்ளை சாப்பாடு கேட்கலாம், வேறொன்றும் சொல்ல முடியாது. எங்கும் எப்போதும் பயன்படும் சொற்கள் வேண்டும். நான், நீ, வேணும், வேணாம், இன்னும், போதும், வா, போ, குடு, பாரு, எங்கே, இல்லை, பிடிக்கும், பிடிக்காது, வலிக்குது, நிறுத்து ஆகியவை அத்தகையவை. வீட்டில் பேசும் பேச்சிலேயே எழுதுங்கள். 'வேண்டாம்', 'மாட்டேன்', 'தொடாதே' ஆகிய சொற்களுக்குக் கட்டாயம் இடம் கொடுங்கள். மறுக்கத் தெரிந்த பிள்ளையே தன்னைக் காத்துக்கொள்ளும். உடலின் உறுப்புகள் எல்லாவற்றையும் காட்டும் படமும் ஒன்று இருக்கட்டும்.

தமிழின் போக்குக்கு ஏற்பச் சொற்களை அடுக்குவது நல்லது. ஆங்கிலப் பலகையில் யார், செயல், பொருள் என்ற வரிசை இருக்கும். நாமோ 'நான் பால் குடிக்கணும்' என்று செயலைக் கடைசியில் சொல்கிறோம். ஆகவே இடப்பக்கம் ஆட்கள், நடுவில் பொருள்கள், வலப்பக்கம் செயல்கள் என்று வைத்தால் பிள்ளையின் விரல் பேச்சின் வழியே செல்லும். பள்ளியில் மலாய் பயன்படுமானால் அதே படத்தின் கீழ் தமிழ்ச் சொல்லையும் மலாய்ச் சொல்லையும் எழுதலாம். இட மாற்றம் மட்டும் செய்யாதீர்கள். நேற்று இருந்த இடத்திலேயே சொல் இன்றும் இருந்தால்தான் கை அதைத் தேடாமல் போய்ச் சேரும்.

பலகை தயாராகிவிட்டது. இனித்தான் முக்கியமான வேலை தொடங்குகிறது. பலகையைப் பிள்ளையிடம் கொடுத்து "சொல்லு, காட்டு" என்று வற்புறுத்துவது பயன் தராது. பேசும் பிள்ளை எப்படிப் பேசக் கற்றது? அது ஒரு சொல் சொல்லுமுன் ஓராண்டுக் காலம் நாம் அதனிடம் பேசிக்கொண்டே இருந்தோம். பலகைப் பேச்சும் அப்படித்தான். முதலில் நாம் பலகையால் பேச வேண்டும். சோறு போடும்போது "இன்னும் வேணுமா?" என்று வாயால் கேட்டுக்கொண்டே 'இன்னும்', 'வேணும்' என்னும் படங்களைத் தொட வேண்டும். வெளியே புறப்படும்போது "நாம போவோம்" என்று சொல்லி 'போ' என்பதைத் தொட வேண்டும். எல்லாச் சொல்லையும் தொட வேண்டியதில்லை. ஒன்றிரண்டு முக்கியச் சொற்கள் போதும். பிள்ளை ஒரு சொல்லைத் தொடத் தொடங்கினால் நாம் இரண்டு தொட்டுக் காட்டுவோம். இதைப் பல வாரங்கள், சில பிள்ளைகளுக்குப் பல மாதங்கள், பலனை எதிர்பாராமல் செய்து வர வேண்டும்.

அடுத்தது காத்திருத்தல். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். கை நடுங்கும் பிள்ளைக்கு ஒரு படத்தை எட்டவே நேரம் பிடிக்கும். நாம் அவசரப்பட்டு விடையை நாமே சொல்லிவிட்டால், இனி முயல வேண்டியதில்லை என்றுதான் அது கற்றுக்கொள்ளும். பிள்ளை தவறிப்போய் வேறு படத்தைத் தொட்டாலும் அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். "மாடு எங்கே? பூனை எங்கே?" என்று நாள் முழுவதும் பரீட்சை வைப்பது உரையாடல் ஆகாது. பிள்ளையின் கையைப் பிடித்துப் படத்தின் மேல் வைத்துவிட்டு அதைப் பிள்ளை சொன்னதாகக் கொள்வதும் கூடாது. அது பிடித்தவரின் சொல்லேயன்றிப் பிள்ளையின் சொல்லன்று.

கையை நீட்டவே முடியாத பிள்ளைக்கு என்ன செய்வது? முதலில் அது முதுகு சாயாமல், பாதங்கள் ஊன்றும்படி நன்றாக உட்கார வேண்டும். தலை தொங்கிக்கொண்டிருந்தால் கண்ணும் கையும் வேலை செய்யா. பிறகு இரண்டு பொருள்களை இரு கைகளில் பிடித்துச் சற்று அகலக் காட்டுங்கள். பிள்ளை எதை நோக்கிப் பார்வையைச் செலுத்துகிறதோ அதுவே அதன் விருப்பம். 'ஆம்' என்பதற்கு ஒரு குறியும் 'இல்லை' என்பதற்கு ஒரு குறியும் குடும்பம் முழுவதும் அறியும்படி நிலைப்படுத்துங்கள். மேலே பார்ப்பது ஆம், தலையைத் திருப்புவது இல்லை என்பது போல இருக்கலாம். பின்னர் நாமே வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வரலாம். "சாப்பாடா? விளையாட்டா? உடம்பா?" என்று கேட்டு, உடம்பு என்று குறி கிடைத்தால், "தலையா? காதா? வயிறா?" என்று தொடர்ந்தால் வலிக்கும் இடத்தைப் பிள்ளையே சொல்லிவிடும்.

பெரும் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் அறுவைச் சிகிச்சையால் குரலை இழந்தபோது, ஒருவர் எழுத்து அட்டையில் எழுத்துகளைச் சுட்டிக்கொண்டே வர, உரிய எழுத்து வந்ததும் புருவத்தை உயர்த்திச் சொற்களை உருவாக்கினார். கணினி அதற்குப் பின்னரே வந்தது.

எழுத்து என்றதும் தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே, எப்படிப் பலகையில் வைப்பது என்று தோன்றலாம். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் ஆக 31 கட்டங்களே போதும். 'ம்' தொட்டு 'ஆ' தொட்டால் 'மா' ஆகிவிடும். படம் இல்லாத சொல்லையும் எழுத்துக் கூட்டிச் சொல்லப் பிள்ளைக்கு வழி பிறக்கும். ஆகவே பேச்சு வரவில்லை என்பதற்காக எழுத்தறிவைத் தள்ளிப்போடக் கூடாது. கதை படித்துக் காட்டுங்கள். படத்தை முன்வைத்தே எழுத்தையும் கற்பியுங்கள்.

படம் காட்டிப் பழக்கினால் வர வேண்டிய பேச்சும் வராமல் போய்விடும் என்று அஞ்சுகிற பெற்றோர் உண்டு. இந்த அச்சம் இயற்கையே. ஆனால் 2006ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, இம்முறைகளால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு குறையவில்லை என்பதையும், பெரும்பாலோருக்கு ஓரளவு கூடியது என்பதையும் எடுத்துக் காட்டியது. பேச்சு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருந்தால் வீணாவது பிள்ளையின் காலந்தான்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. வாயால் விடை சொல்ல இயலாத பிள்ளையிடம் இரண்டு மூன்று விடைகளை எழுதிக் காட்டி, பார்வையாலோ விரலாலோ தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். வருகைப் பதிவின்போது அதன் முறை வரும்போது குறி காட்டக் காத்திருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்கும் பலகையைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தால் விளையாட்டில் தோழமை உண்டாகும். பலகை எப்போதும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குறும்பு செய்தது என்பதற்காக அதைப் பிடுங்கி வைப்பது, பேசும் பிள்ளையின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும்.

உதவி பெறும் வழிகளையும் அறிந்துகொள்வோம். அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டி, பெரிய மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பதற்குக் கடிதம் கேளுங்கள். சமூக நல இலாகாவில் பிள்ளையை உடற்குறையுடையவராகப் பதிந்து அட்டை பெறுங்கள். அந்த இலாகாவின் சமூக மறுவாழ்வுத் திட்டம் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவியது. உங்கள் வட்டாரத்தில் அதன் நிலையம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பள்ளியைப் பொறுத்தவரை, குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் ஒதுக்கலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது. சிறப்புக் கல்வி வகுப்புகள் சில தமிழ்ப்பள்ளிகளிலும் உள்ளன.

நேயர்களே, இன்று இரவே ஓர் அட்டையை எடுத்து நான்கு சொற்களை மட்டும் எழுதிப் படம் ஒட்டுங்கள். வேணும், வேணாம், இன்னும், வலிக்குது. நாளைக் காலையில் பிள்ளைக்குப் பசியாறக் கொடுக்கும்போது நீங்களே அவற்றைத் தொட்டுப் பேசுங்கள். வேலைக்குப் போகுமுன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் அக்காளுக்கும் அவற்றைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.