கலைந்த சங்கமும் நிலைத்த கோப்பையும்

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்ற தமிழர், சென்ற இடத்தில் வேலையும் குடியிருப்பும் அமைந்தவுடன் நாடுவது ஒரு சங்கத்தையே. படிப்பகம், பொங்கல் விழாக் குழு, நாடக மன்றம், பந்தாட்டக் குழு என அது பல வடிவம் கொள்ளும். சங்கத்தைத் தொடங்கும் வகை நம் அனைவருக்கும் தெரியும். அதை முறையாக முடித்து வைக்கும் வகையைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. எண்ண வேண்டிய நாளோ எந்தச் சங்கத்துக்கும் வரக்கூடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூட மலையின் சாரலில் உள்ள போனக்காட்டைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் அது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்குள்ள லயங்களில் வாழ்ந்து வந்திருக்கின்றன. இன்றோ தேயிலை ஆலை மூடிக் கிடக்கிறது. இயந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. இளைஞர் பலர் வேலை தேடி மலையிறங்கிவிட்டனர். இத்தகைய ஊர்களில் ஆட்கள் குறையக் குறைய, மன்றங்களும் ஒவ்வொன்றாக ஒடுங்குகின்றன. பெட்டியில் சிறிது பணமும் அலமாரியில் சில நூல்களும் எஞ்சும்போது, அவற்றை என் செய்வது என்ற வினா எழுகிறது.

இதே வினாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஒருவர் விடை கண்டார். அவர் பெயர் ஜார்ஜ் அலெக்சாண்டர் ஜேம்ஸ் ராத்னி. 1849-இல் பிறந்து 1922-இல் மறைந்த ஆங்கிலேயர். ரக்பி என்னும் பந்தாட்டத்தில் ஈடுபாடு மிக்கவர்.

முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது ரக்பியின் அடிப்படை. பந்தைக் காலால் உதைக்கவும் செய்யலாம். ஆனால் கையால் எறியும்போது முன்னோக்கி எறிதல் கூடாது. அக்காலத்தில் இவ்வாட்டத்தை ஊதியம் பெறாமல், பொழுதுபோக்காகவே ஆடவேண்டும் என்பது மரபு. பின்னர் இதுவே பெரும் பிணக்காயிற்று. ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியையேனும் ஈடு செய்யவேண்டும் என்று வட இங்கிலாந்துக் கழகங்கள் கேட்டன. தலைமைச் சங்கம் இணங்கவில்லை. 1895-இல் அவை பிரிந்து சென்று தனி அமைப்பைக் கண்டன. தலைமைச் சங்கத்தின் வழிவந்த ரக்பி யூனியனில் ஊதியத் தடை நீங்கியது 1995-இல்தான். நாட்கூலியால் வாழ்பவனுக்கு விளையாட்டும் ஒரு செலவே என்பதைத் தோட்டத் தொழிலாளருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில், இங்கிலாந்தைச் சேர்ந்த இருபதின்மர் ஒரு பக்கமும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர் இருபதின்மர் மறுபக்கமுமாக நின்று ரக்பி ஆடினர். அந்த ஆட்டத்தின் விளைவாக 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் பிறந்தது. மறு ஆண்டே அது இங்கிலாந்தின் ரக்பி சங்கத்தில் இணைந்தது. தொடக்கத்தில் ஆதரவு பெருகிற்று. ஆயினும் வங்காளத்து வெப்பம் அவ்வாட்டத்துக்கு ஒவ்வவில்லை. உறுப்பினருக்கு இலவசமாக வழங்கி வந்த மதுபானம் நிறுத்தப்பட்டதும் பலர் விலகினர். டென்னிசும் போலோவும் எஞ்சியோரை ஈர்த்தன.

அவ்வேளையில் கழகத்தின் அணித்தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் தாங்கி நின்றவர் ராத்னி. எஞ்சிய பணத்தைக் கொண்டு ஒரு சுழற்கோப்பை செய்து ரக்பி சங்கத்துக்கு அளிக்கலாம் என்று 1877 டிசம்பர் 20-ஆம் நாள் அவர் லண்டனுக்கு எழுதினார். சங்கமும் இசைந்தது. வங்கியிலிருந்து எடுத்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, இந்தியக் கைவினைஞர் ஒரு கோப்பையைச் சமைத்தனர். ஏறத்தாழ ஒன்றரை அடி உயரம். கைப்பிடிகளாக மூன்று நாகங்கள். மூடியின்மேல் அம்பாரியுடன் ஒரு யானை. 1878-இல் அது ரக்பி சங்கத்துக்கு வழங்கப்பட்டது. மறு ஆண்டு, 1879 மார்ச்சில், எடின்பரோ நகரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக முதன்முதல் மோதின. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. இன்றும் அவ்விரு நாடுகளும் ஆண்டுதோறும் ஆடுவது அந்தக் ‘கல்கத்தாக் கோப்பை’க்காகவே. ஐந்தே ஆண்டு வாழ்ந்த ஒரு கழகத்தின் பெயர், அதனால் இன்றளவும் வழங்கி வருகிறது.

ராத்னியின் ஆர்வம் ஆடுகளத்தோடு நிற்கவில்லை. எறும்பு, குளவி, தேனீ ஆகியவற்றை அவர் இந்தியாவில் ஆராய்ந்தார். கல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் கண்டவற்றைக் கொண்டு 1889-இல் இந்திய எறும்புகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவர் திரட்டியவை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவர் பெயர் தாங்கிய எறும்பினமும் உண்டு. இங்கும் அவர் தம்மிடம் இருந்ததைப் பலருக்கும் பயன்படும் இடத்தில் சேர்த்துவிட்டதையே காண்கிறோம்.

அவர் ஆளும் இனத்தவர்; நம்மவரோ உழைக்கச் சென்றவர்கள். இரு நிலைகளும் ஒன்றல்ல. எனினும் அவர் கண்ட வழி நமக்கும் உரியது. 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டமும் இதே நெறியையே வகுக்கிறது. உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்கினர் இசைந்தால் ஒரு சங்கத்தைக் கலைக்கலாம். கடன்களைத் தீர்த்தபின் எஞ்சும் சொத்தை உறுப்பினர் தம்முள் பங்கிட்டுக்கொள்ளல் ஆகாது. வேறொரு சங்கத்துக்கே அளித்தல் வேண்டும். மாநிலந்தோறும் திருத்தங்களும் தனிச் சட்டங்களும் உண்டாகையால், சங்கம் பதிவான இடத்தின் விதியை முன்னதாகவே கேட்டறிவது நன்று.

கடன் தீர்த்தல் முதலில் வருவதைக் கருத்தில் கொள்ளுங்கள். உழைத்தவனுக்குச் சேரவேண்டிய கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, நினைவுச் சின்னம் எழுப்புவது அறமாகாது. அவை தீர்ந்தபின் எஞ்சுவது சிறு தொகையே ஆனாலும், ஒரு பள்ளியின் நூலகத்துக்கோ மாணவர் பரிசுக்கோ, சங்கத்தின் பெயரோடு சென்று சேரட்டும். உறுப்பினர் நால்வர் எஞ்சியிருக்கும்போதே கூடி முடிவு செய்யுங்கள். ஒருவரும் இல்லாத நாளில் முடிவு செய்வார் யார்?