அடியில் சிக்கு! மேலே பாருங்கள்!

தீபாவளிக்கு இன்னும் நாலே நாள். பக்கத்து வீட்டு அம்மாளின் ரவிக்கை மிஷினில் இருக்கிறது. மிதித்தால் "கடகட" என்று சத்தம். துணி நகரவில்லை. புரட்டிப் பார்த்தால், அடியில் தேங்காய் நார் போல நூல் சுருண்டு கிடக்கிறது!

மந்தாரக்குப்பத்துத் தையல்காரப் பெண்களுக்கு இது பழகிப்போன தொல்லை. நெய்வேலி சுரங்கத்தை ஒட்டிய ஊர் இது. சுரங்க வேலை 1957-ல் தொடங்கியது. பழுப்பு நிலக்கரி 1961-ல் வெளிவந்தது. வேலை தேடிப் பல ஊர்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. கணவர் ஷிப்டுக்குப் போக, மனைவி வீட்டிலேயே தைத்து நாலு காசு சேர்க்கும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் மிஷின் நின்றால் அன்றைய கூலி போச்சு. வாடிக்கைக்காரர் துணி கிழிந்தால் கைக்காசும் போச்சு.

ஆதரவற்ற பெண்களுக்கு அரசு இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அந்தத் திட்டம் இருக்கிறது. நல்ல காரியம். மிஷினோடு ஒரு டஜன் ஊசியும் கொடுத்தால் இன்னும் நல்லது!

குற்றவாளி யார்?

அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றுகிறார்கள். பாவம், பாபின் மேல் பெரும்பாலும் குற்றம் இல்லை. குற்றவாளி மேல் நூல்!

எப்படி? கைத் தையல் ஊசிக்குக் காது பின்னால் இருக்கும். மிஷின் ஊசிக்குக் காது முனையில் இருக்கும். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் காப்புரிமை வாங்கிய மிஷினிலும் இப்படித்தான். ஊசி மேல் நூலைத் துணிக்கு அடியில் கொண்டுபோகிறது. ஷட்டிலின் கொக்கி அந்த நூலைப் பிடித்து, பாபினைச் சுற்றி வரச் செய்கிறது. பிறகு அந்த நூல் திரும்ப மேலே ஏற வேண்டும். அதை மேலே இழுப்பது எது? மிஷினின் முன்னால் ஏறி இறங்குகிறதே, துளையுள்ள ஒரு கம்பி, அதுதான். அந்தத் துளையில் நூல் கோக்காவிட்டால், போன நூல் மேலே வராது. அடியிலேயே குவியும்.

ஆகவே சிக்கு விழுந்ததும் துணியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி வளைந்துவிடும். துணியை அழுத்தும் காலைத் தூக்குங்கள். சக்கரத்தை உங்கள் பக்கமாகக் கையால் சுற்றி ஊசியை மேலே கொண்டுவாருங்கள். அடியில் உள்ள நூலைக் கத்தரித்து எடுங்கள். பிறகு மேல் நூலை முழுதும் உருவிவிட்டு, முதலிலிருந்து கோத்துக்கொள்ளுங்கள்.

கோக்கும்போது அந்தக் கால் தூக்கியே இருக்கட்டும். அப்போதுதான் டென்ஷன் தகடுகள் விலகி இருக்கும். நூல் அவற்றின் நடுவில் போய் உட்காரும். கால் இறங்கியிருந்தால் நூல் தகட்டுக்கு வெளியே நின்றுவிடும். பிறகு சிக்கு தானே வரும்! தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து தையல் விழுந்ததும் விட்டுவிடலாம்.

நூல் அறுந்தால்?

முதலில் ஊசியைச் சந்தேகியுங்கள். ஊசியின் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நுழைய வேண்டும். ஊசியைத் திருப்பி மாட்டினால் தையல் விட்டுவிட்டு விழும், நூலும் அறும். முனை மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஊசி சில ரூபாய். ரவிக்கைத் துணி எவ்வளவு? சாதாரணப் பருத்தித் துணிக்கு 14-ஆம் நம்பர் ஊசி. மெல்லிய பட்டுக்கு 11. கனத்த துணிக்கு 16.

ஊசி சரியா? நூலைக் கையால் சுண்டிப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் நூல் பழசு, இற்றுப்போய்விட்டது. தூக்கிப் போடுங்கள்.

தையலே காரணத்தைச் சொல்லிவிடும். அடிப்பக்கம் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் நூல் தளர்வு. மேல்பக்கம் அடி நூல் எட்டிப் பார்த்தால் மேல் நூல் அதிக இறுக்கம். டென்ஷன் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒவ்வொரு தடவையும் துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள்.

பாபினுக்கும் ஒரு சோதனை உண்டு. பாபினை அதன் கூட்டோடு எடுத்து, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா தொங்க வேண்டும். கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு ஓடினால் தளர்வு. அசையவே இல்லையென்றால் இறுக்கம்.

ஷட்டில் பக்கம் பஞ்சும் தூசியும் அடையும். சிறு பிரஷ்ஷால் வாரந்தோறும் தட்டி எடுங்கள். பிறகு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம்! அது பிசினாகி மிஷினையே பிடித்துக்கொள்ளும்.

இயந்திரங்கள் ஆளை அடிமையாக்கும் என்று சொன்ன காந்தியடிகள்கூட, 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன கதை.

இத்தனையும் பார்த்த பிறகும் நூல் அறுகிறதா? ஷட்டில் கொக்கியின் முனையில் நகத்தை வைத்து மெல்லத் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "ஷட்டில் முனையைப் பாருங்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மிஷின் முழுவதையும் கழற்ற விடாதீர்கள்!