வளிக்கு முன் வரும் நீர்

சேலத்துக் கஞ்சமலையில் இரும்புத்தாது உண்டு. நகரை அடுத்த வெண்ணிறக் குன்றுகளில் மாக்னசைட் வெட்டப்படுகிறது. இத்தகைய கனிவளம் வாய்ந்த சேலம், நாமக்கல் சமவெளியில் நிலக்கரி மட்டும் இல்லை. சதுப்புநிலத் தாவரங்கள் புதையுண்டு, படிவுகளாக இறுகிப் பிறப்பது நிலக்கரி. இச்சமவெளியின் சார்னகைட்டும் நைசும் புவியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள். நிலத்தாவரங்கள் தோன்றுவதற்கு மிக முந்தியவை. இங்கு ஆயிரம் அடி துளையிட்டாலும் கிடைப்பது பாறை வெடிப்புகளில் கசியும் நீரே. அதுவும் நல்லூழ் இருந்தால்!

ஆனால் இம்மாவட்டங்களைத் தழுவி ஓடும் காவிரியைப் பின்தொடர்ந்து கடல்நோக்கிச் சென்றால் நிலத்தின் இயல்பு மாறுகிறது. கடும்பாறை ஆழத்தில் அமிழ்ந்துவிட, அதன்மேல் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. மன்னார்குடிப் பகுதியில் அவ்வடுக்குகளிடையே, பல நூறு அடி ஆழத்தில், பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதில் அடங்கிய மீத்தேன் வளியை எடுப்பதற்கு 2010ஆம் ஆண்டு கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துடன் மத்திய அரசு ஒப்பந்தம் செய்தது. அந்நிறுவனம் மேற்கு வங்கத்தின் இராணிகஞ்சில் 2007 முதல் இத்தகைய வளியை வணிக முறையில் எடுத்துவருவதாகும்.

இவ்வளி பிற எரிவளிகளைப் போல் பாறையின் துளைகளில் தனித்து நிரம்பியிருப்பதன்று. பரப்புக் கவர்தல் என வேதியியலில் நாம் பயிலும் முறையில், நிலக்கரியின் நுண்பரப்புகளில் ஒட்டியிருக்கிறது. அதனை ஒட்டவைத்திருப்பது நிலக்கரி வெடிப்புகளை நிறைத்துள்ள நீரின் அழுத்தம். எனவே முதலில் நீரை இறைத்தல் வேண்டும். அழுத்தம் குறையக் குறைய வளி பிரிந்து கிணற்றை நோக்கி நகரும். வழக்கமான எரிவளிக் கிணற்றில் தொடக்கத்தில் வளியும் பின்னாளில் நீரும் மிகுதியாக வரும். இங்கோ அவ்வரிசை தலைகீழாகிறது. வளி பெருகுவதற்கு மாதக்கணக்கில், சிலவிடங்களில் ஆண்டுக்கணக்கில், நீரிறைக்க நேரும்.

ஆகவே இவ்வயலை ஆள்வோர் விடைகாண வேண்டிய வினாக்கள் பல. துளையிட்டு எடுத்த நிலக்கரி மாதிரியைக் காற்றுப்புகாக் கலத்தில் அடைத்து, அது வெளியிடும் வளியை அளக்கலாம். சோதனைக் கிணறுகளால் நீரும் வளியும் எவ்வளவு எளிதாக ஊடுருவுகின்றன என்றும் அறியலாம். இவை வளியின் கணக்கு. இறைத்த நீர் உவராயின் எங்கே விடுவது? மேலடுக்கின் நன்னீர் கீழிறங்குமா? கடலோரத்தில் உவர்நீர் உட்புகுமா? இவை நீரின் கணக்கு. முன்னதைவிடப் பின்னதே கடினமானது; கிணறுகள் பெருகிய பின்னர் அதனைத் தொடங்கினால் பயனில்லை.

டெல்டா உழவர் எழுப்பியதும் நீரின் கணக்கையே. மேட்டூர் அணை ஆண்டுதோறும் சூன் 12இல் திறக்கப்படுவது மரபு. நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். அப்போது குறுவைக்குத் துணை நிலத்தடி நீரே. அதையும் இழக்கலாமா என்று ஊர் ஊராகச் சென்று கேட்டவர் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார். அப்பணியின் இடையிலேயே 2013 டிசம்பரில் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே தமிழக அரசு திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவை அமைத்திருந்தது. குழுவின் அறிக்கையைப் பெற்று, 2015இல் அனுமதி மறுத்தது.

2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், டெல்டாப் பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்கும் புதிய பணிகளைத் தடைசெய்தது. முன்பே இயங்கிவந்த எண்ணெய், எரிவளிக் கிணறுகளை அது நிறுத்தவில்லை.