பளபளப்பும் தெளிவும்

நம் சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியில் வெட்டி எடுக்கப்படும் கருங்கற்கள், மெருகேற்றப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கின்றன. முதலில் பருமணிகளாலும், பின்னர்ப் படிப்படியாக நுண்மணிகளாலும் தேய்த்தால், சொரசொரப்பான கல் கண்ணாடிபோல் மின்னும். மின்னினால் மட்டும் போதுமா?

பளபளப்பை அளக்கப் பளபளப்புமானி உள்ளது. அது பெரும்பாலும் 60 பாகைக் கோணத்தில் ஒளியைச் செலுத்தி, அதே கோணத்தில் திரும்பும் ஒளியை அளக்கும். மெருகிட்ட கருநிறக் கண்ணாடியின் அளவு 100 எனக் கொள்ளப்படுகிறது.

ஆனால், ஒரே எண்ணைக் காட்டும் இரு கற்களுள் ஒன்றில் குழல்விளக்கின் பிம்பம் நேராகத் தெரியலாம். மற்றொன்றில் நெளிந்து தெரியலாம். பரப்பின் மெல்லிய மேடுபள்ளங்கள் பிம்பத்தை நெளிக்கும். நுண்கீறல்கள் மங்கச் செய்யும். ஆகவே, பளபளப்பு வேறு, தெளிவு வேறு.

மகிழுந்தின் வண்ணப்பூச்சு போன்ற பரப்புகளில் பிம்பத் தெளிவைத் தனியே அளக்கின்றனர். ஒரு வகைக் கருவியில், மெல்லிய பிளவின் வழியே வந்த ஒளி பரப்பில் பட்டுத் திரும்பி, நகரும் சீப்புப் போன்ற தகட்டைக் கடக்கும். அப்போது ஒளி கூடியும் குறைந்தும் வரும். அவ்வேறுபாடு மிகுந்தால் தெளிவும் மிகுதி. முழுத் தெளிவின் அளவு 100.

ஒருவர் கண்ணுக்கு நன்றெனப்படுவது மற்றவர்க்குக் குறையாகத் தோன்றலாம். கடல் கடந்து சென்ற கல்லை மீட்டுவந்து தேய்ப்பது எளிதன்று. அளவு ஒன்று இருந்தால், உழைத்தவர்க்கும் வாங்குபவர்க்கும் அதுவே நடுவர்.

செய்து பார்க்க: மெருகிட்ட கல்லின்மீது கோடிட்ட தாளைப் பிடித்து, மெல்ல உயர்த்துக. எவ்வளவு உயரத்தில் கோடுகள் மங்குகின்றன என அளந்து எழுதுக.