புகைபோக்கியின் பகைவன் யார்?

குளிர்நாட்டு வீடொன்றைப் படமாக வரையுமாறு அந்நாட்டுச் சிறுவனிடம் கூறினால், சாய்ந்த கூரையை வரைந்து முடித்தவுடன் அதன்மேல் ஒரு புகைபோக்கியையும் அவன் வரைந்துவிடுவான். நம் நாட்டிலும் நுவரெலியாவுக்குச் சென்றவர்கள் ஆங்கிலேயர் கட்டிய பழைய பங்களாக்களின் கூரைகளில் இத்தகைய புகைபோக்கிகளைக் கண்டிருப்பர். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில், தை மாசி மாதங்களில் சில நாட்களின் விடியற்பொழுதில் புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. தம் நாட்டுக் கணப்படுப்பை ஆங்கிலேயர் அங்கே கொண்டு சென்றமைக்கு அக்குளிரே காரணம்.

நம் அடுக்களையிலுள்ள புகைக்கூடு சமையற் புகையை வெளியேற்றுவதோடு தன் கடமையை முடித்துக்கொள்கின்றது. இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலோ, வாழும் அறைக்கும் படுக்கும் அறைக்கும் தனித்தனிக் கணப்படுப்பு வேண்டியிருந்தது. அங்கே அடுப்புகளின் தொகை செல்வத்தின் அளவாகவே கருதப்பட்டது. 1662ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அரசு ஓர் அடுப்புக்கு ஆண்டுதோறும் இரண்டு சிலிங் வீதம் வரி விதித்தது. மக்களின் வெறுப்பைச் சம்பாதித்த அவ்வரி 1689ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த செங்கல் வீடுகள் பல அந்நாட்டில் இன்றும் மக்கள் குடியிருக்கும் வீடுகளாகவே உள்ளன. அவற்றின் புகைபோக்கிகளைக் கெடுப்பது எது என வினவினால், நம்மிற் பலரும் நெருப்பு என்றே விடை கூறுவோம். நெருப்பினால் விளையும் கேடு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். ஆயினும் பழைய செங்கற் புகைபோக்கியின் முதற் பகைவன் நீரேயாகும்.

அமைப்பும் தொழிலும்

நீர் செய்யும் கேட்டினை விளங்கிக்கொள்ளப் புகைபோக்கியின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். அடியிலே கணப்படுப்பு, அதற்கு மேலே ஒடுங்கிய கழுத்து, கழுத்திலிருந்து சுவருக்குள்ளாக மேலேறிச் செல்லும் புகைவழி, கூரையைத் துளைத்து வெளியே நிற்கும் செங்கல் தூண், அதன் உச்சியிலே சுடுமண் குழல். நிலக்கரி எரித்த வீடுகளிற் புகைவழி பெரும்பாலும் 9 அங்குலச் சதுரமாகவே இருந்தது. பல அறைகளின் புகைவழிகள் ஒரே தூணிற் சேரும்போது, அவற்றைப் பிரிப்பதற்கு இடையிடையே மெல்லிய செங்கற் சுவர்கள் எழுப்பப்பட்டன.

வெப்பமடைந்த காற்று அடர்த்தி குறைந்து மேலெழுகின்றது. அதன் இடத்தை நிரப்ப அறையின் காற்று அடுப்பை நோக்கி விரைகின்றது. புகையை மேலே ஈர்க்கும் விசை இதுவே. அடுப்பின் கழுத்து அளவுக்கு மிஞ்சி அகன்றிருந்தால் அறையின் வெப்பம் வீணே வெளியேறும். புகையும் சீராக ஏறாது. அமெரிக்காவிற் பிறந்த பெஞ்சமின் தொம்சன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து, கழுத்தை ஒடுக்கியும் அடுப்பின் பக்கச் சுவர்களைச் சரித்தும் அமைக்கும் முறையை 1796ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். ரம்போர்ட் பிரபு என உலகம் அறிந்தவர் இவரே.

புகைவழியின் உட்புறத்துக்கு அக்கால மேசன்மார் சுண்ணச்சாந்து பூசினர். அச்சாந்திலே மாட்டுச் சாணத்தைக் கலப்பது வழக்கம். சாணமிட்டு மெழுகிய நிலத்திலே வளர்ந்த நமக்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஆயினும் அமிலம் கலந்த புகை நாளடைவில் அப்பூச்சை அரித்துவிடுகின்றது. பூச்சு உதிர்ந்தபின் செங்கல் இடைவெளிகளின் ஊடாகப் புகை அடுத்த அறைக்கோ அயல் வீட்டுக்கோ கசியலாம். 1960களின் நடுப்பகுதி தொட்டு இங்கிலாந்தின் கட்டிட விதிகள் புதிய புகைவழிகளுக்கு உட்குழல் வேண்டும் என விதித்தன. அதற்கு முந்திய வீடுகளுக்கு இப்போது சுடுமண், எவர்சில்வர் முதலியவற்றாலான உட்குழல்களைப் பின்னர் இறக்கிப் பொருத்துகின்றனர்.

நீர் புகும் வழிகள்

வீட்டின் ஏனைய சுவர்களுக்குக் கூரை நிழலாக நிற்கின்றது. கூரைக்கு மேலே நிற்கும் தூணுக்கோ அந்த ஆதரவு இல்லை. நான்கு புறமும் மழையும் காற்றும் அதனைத் தாக்குகின்றன. செங்கல்லிலும் சாந்திலும் ஊறிய நீர் குளிர்கால இரவில் உறைகின்றது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகும். விரிய இடமில்லாத நுண்ணிய துளைகளுக்குள் அது பெருகும்போது செங்கல்லின் முகம் பெயர்கின்றது. பகலில் உருகி இரவில் உறையும் செயல் மீண்டும் மீண்டும் நிகழ, சிறு வெடிப்பு பெரும் பிளவாகின்றது.

உச்சியிலே குழலைச் சுற்றியுள்ள சாந்துப் பூச்சு வெடித்தால் அதன் வழியே நீர் நேரே தூணின் நடுவுக்கு இறங்கும். தூணும் கூரையும் சந்திக்கும் இடத்தை மூடி நிற்கும் ஈயத்தகடு கழன்றால் நீர் கூரையின் மரங்களில் ஒழுகி அவற்றை உக்கச் செய்யும். படுக்கையறைச் சுவரிற் கபில நிறக் கறை தோன்றுமாயின் இவ்விரண்டையும் முதலிற் பார்த்தல் வேண்டும்.

புகையும் நீரும் கூடிச் செய்யும் கேடு ஒன்றுண்டு. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி, புகைவழியின் ஈரத்திற் கரைந்து சல்பேற்று உப்புக்களைத் தோற்றுவிக்கின்றது. அவை சீமெந்துச் சாந்துடன் தாக்கமுற்று, அதனை வீங்கச் செய்கின்றன. மழையால் மிகுதியாக நனையும் புறத்தில் வீக்கமும் மிகுதி. ஆகவே அப்புறம் உயர, தூண் மறுபுறம் சாய்கின்றது. பழைய வீடுகளிற் சில புகைபோக்கிகள் வில்போல் வளைந்து நிற்பதன் இரகசியம் இதுவே.

சுண்ணமா, சீமெந்தா?

சாந்து உதிர்ந்த இடைவெளிகளை மீண்டும் நிரப்புவதே பழைய புகைபோக்கிக்குச் செய்யும் பணிகளுள் முதன்மையானது. இங்கேதான் பலர் நல்ல எண்ணத்தோடு தீமை செய்கின்றனர். வலிமையான சீமெந்தைப் பூசினால் தூண் உறுதியாகும் என நினைக்கின்றனர்.

போர்ட்லண்ட் சீமெந்துக்கு யோசப் அஸ்ப்டின் என்பவர் காப்புரிமை பெற்றது 1824ஆம் ஆண்டில். அதன்பின்னும் நெடுங்காலம் வீடுகள் சுண்ணச்சாந்தினாலேயே கட்டப்பட்டன. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளும் அவ்வாறு எழுந்தவையே. சுண்ணச்சாந்து மென்மையானது, சிறிதளவு அசைவுக்கு இடங்கொடுப்பது, தன்னுள் ஊறிய ஈரத்தைக் காற்றுக்கு விடுவது. செங்கல்லில் ஏறிய நீர் சாந்தின் வழியே வெளியேறும். காலப்போக்கிற் சாந்து தேயும், செங்கல் பிழைக்கும். தேய்ந்த சாந்தை மாற்றுவது எளிது. உடைந்த செங்கல்லை மாற்றுவது அரிது.

கடினமான சீமெந்தைப் பழைய மென்செங்கல்லின் இடையே நிரப்பினால் நிலைமை தலைகீழாகும். சாந்தின் வழியே செல்ல இயலாத ஈரம் செங்கல்லின் வழியே வெளியேற முயலும். அங்கே உறைபனி பற்ற, செங்கல்லின் முகம் உதிரும். சில ஆண்டுகளில் சீமெந்துக் கோடுகள் மட்டும் துருத்தி நிற்க, செங்கற்கள் குழிந்து காணப்படும். வலியது மெலியதை அழிப்பதைக் கண்கூடாகக் காட்டும் பாடம் அது.

முறையாகப் பணி செய்பவர் பழுதடைந்த சாந்தை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சிற்றுளியாற் கிளறி எடுப்பார். சுழலும் மின்வாளைப் பயன்படுத்தினால் செங்கல்லின் விளிம்பு வெட்டுப்பட்டுவிடும். பின்னர்த் தூசியைத் துடைத்து, செங்கல்லை நீரால் நனைத்து, சுண்ணச்சாந்தை இறுக்கி நிரப்புவார். மழைக்கு ஒதுங்க இடமில்லாத புகைபோக்கிக்கு, நீருடன் சேர்ந்து இறுகும் வகைச் சுண்ணமே ஏற்றது. நிரப்பிய சாந்து விரைவில் உலராதிருக்க ஈரச் சாக்கினால் மூடிவைப்பர். வெப்பநிலை 5 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கும் நாட்களில் இவ்வேலையைச் செய்தல் ஆகாது. எனவே வேனிற்காலமே இதற்குரிய பருவம்.

உள்ளே படியும் கரி

இனி நெருப்பின் கேட்டுக்கு வருவோம். ஈர விறகை எரித்தால் அதன் வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே கழியும். குளிர்ந்த புகை மேலேறும்போது, தார் போன்ற கிரியோசோற்று என்னும் பொருள் புகைவழியின் சுவரிற் படிகின்றது. ஒருநாள் அடுப்புத் தீ மிகுதியாக எழும்போது அப்படிவு பற்றிக்கொள்ளும். அத்தீயின் வெப்பம் 1,000 பாகை செல்சியசையும் கடக்கக்கூடும், செங்கல் வெடிக்கும், அருகேயுள்ள உத்தரம் தீப்பற்றும். விறகை ஓராண்டுக்கு மேலாகவேனும் அடுக்கி உலர்த்துதல் இதனாலேயே இன்றியமையாதது. இங்கிலாந்தில் 2021 மே மாதம் முதலாகச் சிறு அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கினை மிஞ்சலாகாது எனச் சட்டம் உள்ளது.

அடுப்பைப் பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் புகைவழியைத் துடைப்பித்தல் வேண்டும். விறகு எரிப்பவர்கள் பயன்படுத்தும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைப்பிப்பது நன்று. இன்று நீண்ட கோல்களிற் பொருத்திய தூரிகை இப்பணியைச் செய்கின்றது. அன்று அதைச் செய்தவர்கள் சிறுவர்கள்.

மாணவர்கள் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம். ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளும் அநாதைகளும் 9 அங்குலப் புகைவழிகளுக்குள் முழங்கையாலும் முழங்காலாலும் உந்தி ஏறிக் கரியைச் சுரண்டினர். சிலர் உள்ளேயே சிக்கி மாண்டனர். இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட், 1775ஆம் ஆண்டில், இத்தொழிலாளருக்கு உண்டாகும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் எனக் காட்டினார். தொழிலால் விளையும் புற்றுநோய் பற்றி மருத்துவ உலகம் கண்ட முதல் உண்மை அது. 1788ஆம் ஆண்டில் 8 வயதுக்குக் குறைந்தோரைச் சேர்க்கலாகாது என்றும், 1840ஆம் ஆண்டில் 21 வயதுக்குக் குறைந்தோர் ஏறலாகாது என்றும் சட்டங்கள் பிறந்தன. அவற்றை மதித்தவர் சிலரே. தூரிகைக் கருவி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆயினும் கருவி செல்லாத வளைந்த புகைவழிகளைத் திருத்தும் செலவுக்கு வீட்டுக்காரர் பலர் பின்னின்றனர். 1875ஆம் ஆண்டில் ஜோர்ஜ் புறூஸ்டர் என்னும் 11 வயதுச் சிறுவன் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள மருத்துவமனை ஒன்றின் புகைவழியிற் சிக்கி இறந்தான். அதன் பின்னரே சாவ்ற்ஸ்பரிப் பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டில் இயற்றப்பட்ட சட்டம் அக்கொடுமைக்கு முடிவு கட்டியது. வீட்டைப் பேணும் செலவை மீதப்படுத்தியவர்கள், அச்செலவைப் பிறர் பிள்ளைகளின் உயிரால் ஈடுசெய்தனர் என்றே நாம் கூறுவோம்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

இக்காலத்திலும் உயிருக்கு இடர் இல்லாமலில்லை. காகங்களின் இனத்தைச் சேர்ந்த யக்டோ என்னும் பறவை புகைபோக்கிகளிற் சுள்ளிகளை அடைத்துக் கூடு கட்டும். உதிர்ந்த செங்கல்லும் வழியை அடைக்கும். வழி அடைபட்டால் காபனோரொட்சைட்டு என்னும் வாயு அறைக்குள் திரும்பிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது உறங்கியிருப்பவர் அதனை அறியமாட்டார். எரியும் அடுப்புள்ள அறையில் இவ்வாயுவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். துடைப்பவர் புகைக்குளிகை ஒன்றைக் கொளுத்தி மேலறைகளிற் புகை கசிகின்றதா எனவும் சோதிப்பார்.

எரியாத அடுப்பும் கவனம் கேட்கும்

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய செங்கல் வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் நம்மவர் பலர். அவர்களிற் பெரும்பாலோர் கணப்படுப்பை எரிப்பதில்லை. வாயுவினால் வீட்டைச் சூடாக்குகின்றனர். எரியாத புகைபோக்கிக்குப் பராமரிப்பு எதற்கு என அவர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அதற்கே கவனம் அதிகம் வேண்டும். அடுப்பின் சூடு முன்பு தூணை உலர்த்தியது. இப்போது உலர்த்துவார் இல்லை. அடுப்பு வாயையும் உச்சியையும் முற்றாக அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கிச் சுவரிற் கறை படரும். உச்சியில் மழை புகாது காற்றுப் புகும் மூடியும், அடியிற் சிறு காற்றுத் துளையும் வைத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அறையைப் பெருப்பிக்க எண்ணி, கணப்படுப்பைச் சுற்றிப் புடைத்து நிற்கும் சுவரைக் கீழ்த்தளத்தில் இடித்துவிடுகின்றனர் சிலர். மேலேயுள்ள செங்கற் பாரம் முழுவதும் அப்போது தாங்குவாரின்றி நிற்கும். தகுந்த உருக்கு உத்தரமும், பொறியியலாளரின் கணிப்பும், நகரசபையின் அனுமதியும் இன்றி இதனைச் செய்தல் உயிரோடு விளையாடுவதாகும். சுவர் அயலவருக்கும் பொதுவாயின், இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்தலும் கடமை.

ஆகவே அத்தகைய வீடுகளில் வாழும் உற்றார் உறவினரோடு பேசும்போது சில வினாக்களைக் கேட்டு வைப்போமாக. தூண் நேராக நிற்கின்றதா? சாந்தில் வெடிப்போ செடியோ தெரிகின்றதா? அடுப்புக்குள் சாந்துத் துகள் உதிர்ந்து கிடக்கின்றதா? நச்சு வாயுவைக் காட்டும் கருவி வேலை செய்கின்றதா? கூரைமேல் ஏறாமலே, தெருவில் நின்று தொலைநோக்கியாற் பார்த்து இவற்றுட் பலவற்றுக்கு விடை காணலாம். கூரைமேற் செய்யும் வேலையைச் சாரம் கட்டித் தெரிந்தவர்களே செய்யட்டும். பார்ப்பதற்கு வேனிற்காலத்தில் ஒரு நாள் போதும். குளிர் தொடங்கிய பின்னரோ சாந்து பூசவும் இயலாது.